வெள்ளிக்கிழமைச் சுடுதண்ணி

போன வாரம் எங்க பழைய ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. நான் ரிட்டயர் ஆகிற வருஷம் வேலைக்குச் சேர்ந்த பொண்ணு, இப்ப இன்ஸ்பெக்டர். "மேடம், வூட்டு மொட்டை மாடியில சோலார் போட்டிருக்கேன். ரிட்டர்ன்ல எந்தக் கட்டத்துல காட்டிக் கழிக்கிறது?"

"எந்தக் கட்டத்துலயும் காட்ட முடியாது கண்ணு. வூட்டுக்குப் போட்டா வூட்டோட போச்சு. மானியம் வரும், கரண்டு பில்லு குறையும், அத வெச்சு சந்தோஷப்படு. தொழிலுக்குப் போட்டிருந்தா வேற கதை."

"பாதி வூட்டுக்கு, பாதி தொழிலுக்குன்னு போட்டா?"

அடி ஆத்தாடி! அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இன்கம்டாக்ஸ் இன்ஸ்பெக்டரா நான் எத்தனையோ கேஸ் பார்த்தேன். பாதி வூடு பாதி தொழில்ங்கற கேள்விக்காக ஒரு குளிக்கிற ரூமுக்குள்ள போய் நின்னது ஒரே ஒரு தடவைதான். அந்தப் பொண்ணுகிட்ட போன்ல பாதி சொல்றதுக்குள்ள அதுக்கு மீட்டிங் வந்துடுச்சு. முழுசா இங்க எழுதிடறேன்.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை. பேரு சகாயமேரி. கடத்தூர் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரக் குடும்பம். பரிட்சை எழுதி கிளார்க்கா சேர்ந்து, மறுபடி பரிட்சை எழுதி இன்ஸ்பெக்டர் ஆனேன். டிரெயினிங்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேக்காதீங்க, சாப்பாடு நல்லா இருந்துச்சு. தொழில் கத்துக்கிட்டது எண்பதுகள்ல, தருமபுரியில, தணிகாசலம் சார்கிட்ட.

தணிகாசலம் சார்தான் எங்க வருமானவரி அதிகாரி. சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததே இல்ல. யாராவது சொல்றத நம்பலைன்னா கண்ணாடியைக் கழட்டுவாரு, கைக்குட்டையால மெதுவாத் துடைப்பாரு, "அப்படியா"ம்பாரு. அவ்வளவுதான். பெரிய பெரிய மண்டிக்காரங்க எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு வேர்த்துப் போயிருக்காங்க. மனுஷன் வருஷம் முழுக்கப் பச்சைத் தண்ணியில குளிக்கிறவரு. மார்கழி மாசத்துல ஆபீஸுக்கு வந்து அதை எங்ககிட்ட வேற சொல்லுவாரு. யாரும் கேக்கவே மாட்டோம், தானா சொல்லுவாரு.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டு எழுதறதுல அவருக்குன்னு ஒரு சட்டம். "பெரிய வீடு"ன்னு எழுதக் கூடாது, எத்தனை ரூமுன்னு எழுதணும். "போல் தெரிகிறது"ன்னு எழுதினா பேப்பர் திரும்பி வந்துடும். பொம்மிடியில ஒரு வியாபாரி ஜெனரேட்டர் வாங்கினதாச் சொல்லித் தேய்மானம் கேட்டிருந்தாரு. தேய்மானம்னா, தொழிலுக்கு வாங்கின மெஷின் உழைச்சுத் தேயுதில்ல, அதுக்காக வருமானத்துல கழிச்சுக்கிற தொகை. மெஷின் ஓடியிருக்கணும், அதுதான் முக்கியம். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தா, ஜெனரேட்டர் மூடிக்கு உள்ள வைக்கோல் பரப்பி ஒரு கோழி அடைக்கு உக்காந்திருக்கு! வந்து அப்படியே எழுதினேன். சார் ஓரத்துல பச்சை மையில ஒரு கேள்வி எழுதி அனுப்பிட்டாரு: "எத்தனை முட்டை?" நான் திரும்ப பொம்மிடிக்கு பஸ் ஏறினேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. போற இடத்துல பார்க்கிறது மட்டும்தான் இன்ஸ்பெக்டர் வேலை. யோசனை சொல்லக் கூடாது. "சொல்றதெல்லாம் ஆர்டர்ல நான் சொல்லிக்கிறேன்"ம்பாரு. எனக்கோ வாய் சும்மா இருக்காது. எங்கம்மாவே என்னைக் கட்டிக் கொடுக்கிறப்ப மாப்பிள்ளைகிட்ட அதைச் சொல்லி எச்சரிக்கை பண்ணித்தான் அனுப்புனாங்க.

அந்த வருஷங்கள்ல கவர்மெண்டு புதுசா ஒரு சலுகை கொண்டாந்திருந்துச்சு. சூரிய வெளிச்சத்துல வேலை செய்யற சாமானைத் தொழிலுக்கு வாங்கி வெச்சா, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் கழிக்க வேண்டியதில்ல. மொத்த விலையையும் அந்த ஒரே வருஷத்துல கழிச்சுக்கலாம். சும்மா இருப்பாங்களா நம்மாளுங்க? ஒரு மளிகைக்கடைக்காரர் தன் சம்சாரத்துக்குச் சூரிய அடுப்பு வாங்கிக் கொடுத்துட்டு, "கடையில் வேலை செய்வோருக்கு மதிய உணவு சமைக்க"ன்னு எழுதிட்டாரு. கடையில வேலை செய்யறவரு அவரு ஒருத்தர்தான்.

அந்தக் கூட்டத்துல வந்ததுதான் காரிமங்கலம் சுக்கூர் பாய் ரிட்டர்னு.

பாய்க்குப் பட்டு நூல் எடுக்கிற தொழில். தருமபுரி மார்க்கெட்டுல பட்டுக்கூடு வாங்கியாந்து, வேக வெச்சு, சுடுதண்ணித் தொட்டியில போட்டு நூல் இழுக்கிறது. வூட்டுக்குப் பின்னாடியே கொட்டகை. தொட்டிக்குச் சுடுதண்ணி வேணும்னு வூட்டு மாடியில சூரிய வெந்நீர் சாமான் வெச்சிருந்தாரு. இது வரைக்கும் சரி. மத்தவங்கன்னா முழுசாக் கழிச்சிட்டுப் போயிருப்பாங்க, எங்களுக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காது. பாய் என்ன பண்ணாரு தெரியுங்களா? ரிட்டர்னோட தனியா ஒரு விளக்கம் வெச்சாரு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக நூல் ஓட்டறதில்ல, அன்னிக்கும் வெயிலடிச்சுத் தண்ணி சுடுது, வீணாப் போறதுக்கு வூட்டுல எல்லாரும் குளிச்சுக்கறோம், அதனால ஏழுல ஒரு பங்கைத் தொழில் கணக்குல இருந்து விட்டுடறேன்னு எழுதியிருந்தாரு.

சார் அதைப் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டினாரு. "ஏம்மா சகாயமேரி, இந்த வூட்டுல வெள்ளிக்கிழமை மட்டும்தான் குளிக்கிறாங்களா?"

"இருக்காது சார்."

"மேலே இருந்து வர்ற பைப் ஒண்ணு குளிக்கிற ரூமுக்குப் போகுதுன்னு அர்த்தம். சனிக்கிழமையும் அதே பைப்தானே? தொழிலுக்கும் வூட்டுக்கும் சேர்ந்த சாமான்னா எந்தப் பங்கு நியாயமோ அதைத்தான் கழிக்கலாம். பங்கை நான்தான் முடிவு பண்ணணும். தானா ஏழுல ஒண்ணை விட்டுக் கொடுக்கிற ஆள் எதையோ மறைக்கிறான். பொம்பளைங்க இருக்கிற வூடு, நீங்கதான் உள்ள போகலாம். பார்த்துட்டு வாங்க."

சொல்லாம கொள்ளாமப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பறதுக்குள்ளயே வாடை வந்துடுச்சு. வெந்த பட்டுப்புழு வாடை இருக்கே, அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அன்னிக்குக் கட்டின சேலையை மூணு தடவை தொவைச்சேன்.

பாய் ஒல்லியான மனுஷன், வெள்ளைத் தாடி, பேச்சுல அப்படி ஒரு மரியாதை. "வாங்கம்மா, வாங்க"ன்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடி போட்ட கறுப்புப் பலகைங்க, அதுக்கு மேல ஒரு டேங்கு. தினமும் காலையில தானே ஏறி அந்தக் கண்ணாடியைத் துடைப்பாராம். பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். கையை வெடுக்குன்னு எடுத்துட்டேன், அவ்வளவு சூடு. பைப்பைப் பார்த்துக்கிட்டே இறங்கினேன். ஒரு கிளை கொட்டகைக்குப் போகுது, ஒரு கிளை வூட்டுக்குள்ள. "உள்ள பார்க்கணுமே பாய்"ன்னேன். வூட்டம்மாவைக் கூப்பிட்டாரு.

அவங்க பேரு மெஹருன்னிசா. அம்பது வயசு இருக்கும். ஒரு வார்த்தை பேசுவாங்க, ரெண்டு தடவை இருமுவாங்க, அடுத்த வார்த்தைக்கு மூச்சு சேர்க்க நிப்பாங்க. குளிக்கிற ரூம் கதவைத் தள்ளி, "பாருங்கம்மா எங்க கூத்தை"ன்னாங்க.

குழாய்க்கு மேல இரும்புத் தகட்டுல ஒரு பெட்டி. வெல்டு வெச்சு, தாழ்ப்பாள் போட்டு, ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்குது.

"என்னங்கக்கா இது?"

"சுடுதண்ணிக்குப் பூட்டு. வெள்ளிக்கிழமை காலையில... தொறப்பாரு. தொழுகைக்குப் போகையில... பூட்டிட்டுப் போயிடுவாரு. எழுதிக் கொடுத்துட்டாராம் உங்களுக்கு." இருமல் நிக்கிற வரைக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இந்தப் பக்கம் வாங்க."

பின்கட்டுல மூணு கல்லு அடுப்பு. ஈர விறகு, ஒரே புகை. மேல ஒரு தவலையில தண்ணி காயுது. பக்கத்து ரூம்ல அவங்க மக, தலைப்பிரசவம் முடிஞ்சு படுத்திருக்கு, தொட்டில்ல பச்சைக் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் தினம் ரெண்டு வேளை சுடுதண்ணி வேணும். அந்தம்மா குனிஞ்சு ஊதுகுழல்ல ஊதினாங்க. ஊதறதுக்கு அவங்ககிட்ட மூச்சு எங்க இருக்கு? புகை வாங்கி நெஞ்சு கெட்டுப் போச்சு, இனி அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். தலைக்கு மேல ஒரு டேங்கு சுடுதண்ணி கொதிச்சுக்கிட்டுக் கிடக்கு. கீழ இந்தம்மா விறகு ஊதுறாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பாய், என்ன பாய் இது? பச்சை உடம்புக்காரி இருக்கா..."

"எழுதிக் கொடுத்துட்டேனேம்மா" அப்படீன்னாரு பாய். பாவமாத்தான் சொன்னாரு. "மீதி ஆறு பங்கும் தொழிலுக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு சொம்பு எடுத்தாலும் பொய்க் கையெழுத்துதானேம்மா. பேரனை ஹராம் தண்ணியிலயா குளிப்பாட்டறது?"

மெஹருன்னிசா என் கையைப் பிடிச்சாங்க. "இவரு அல்லாவுக்குப் பயந்தாரு, சரி. உங்களுக்கு எதுக்கும்மா... இவ்ளோ பயப்படறாரு? நீங்கதான் கவர்மெண்டு. தொறக்கச் சொல்லுங்கம்மா."

தொறங்க பாய்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. சொன்னா நான் யோசனை சொன்ன மாதிரி ஆயிடும், நாளைக்கு சார் கேட்டா இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்கன்னு பாய் அதையும் எழுதிக் கொடுப்பாரு. கொடுக்கிற ஆளுதான் அவரு! ஒண்ணும் பேசாம பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த இருமல்தான் காதுல.

ரிப்போர்ட்டுல சார் சட்டப்படி எழுதினேன். குளிக்கிற ரூமுல குழாய் ஒண்ணு. குழாயில பூட்டு ஒண்ணு. பின்கட்டுல விறகு அடுப்பு ஒண்ணு.

சார் கண்ணாடியைத் துடைச்சாரு. "அப்படியா?"

"என் கண்ணால பார்த்தேன் சார்."

"நீங்க வர்றது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சுடுதண்ணிக் குழாயைப் பூட்டற ஆளை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. இது நமக்காகப் போட்ட நாடகம். இதை நம்பி ஆர்டர் போட்டா நாளைக்கு ஆடிட்டுல சிரிப்பாங்க. பூட்டு நாடகம்தான்னு ஆச்சுன்னா பொய்க் கணக்குன்னு அபராதம் போட வேண்டி வரும். நானே வர்றேன்."

ஆபீஸ் ஜீப்பு வழக்கம் போல ஒர்க்‌ஷாப்புல. பஸ்ல போனோம். எங்க நேரம், அன்னிக்குக் காரிமங்கலம் சந்தை. சார் மடியில ஒரு கிழவர் கேக்காமலே ஒரு கூடையை வெச்சுட்டு, "கொஞ்சம் புடிச்சுக்குங்க"ன்னாரு. உள்ள சேவல். வருமானவரி அதிகாரி இறங்கற வரைக்கும் அசையாமப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், வேற என்ன பண்ண?

வூட்டுக்குப் போனதும் நேரா பூட்டுகிட்ட போனாரு. உத்துப் பார்த்தாரு. பெட்டிக்கு அடியில சுவர் முழுக்கத் துருத் தண்ணி ஓடி ஓடிப் படிஞ்ச கறை. நேத்து மாட்டின பெட்டின்னா அந்தக் கறை வராது. அது அவருக்கே புரிஞ்சு போச்சு, ஆனா உடனே ஒத்துக்கிட்டா அவரு தணிகாசலம் ஆவாரா? பின்கட்டுக்குப் போனாரு. அந்தம்மா தண்ணி காய வெச்சுக்கிட்டிருந்தாங்க. காத்து திரும்பி அடிச்சதுல புகை முழுக்க சார் முகத்துல. மனுஷன் இருமி, கண்ணு கலங்கி, தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. இருமல் அடங்கினதும் முதல் வார்த்தையா என்ன கேட்டாரு தெரியுங்களா?

"ஏம்மா, பச்சைத் தண்ணியில குளிச்சா என்ன? நான் வருஷம் பூரா பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறேன்."

மெஹருன்னிசா ஊதுகுழலைக் கீழ வெச்சாங்க. நிமிர்ந்து அவரைப் பார்த்தாங்க. "நீங்க பிள்ளை பெத்தீங்களா சார்?"

ரூமுக்குள்ள இருந்து அந்தப் பொண்ணு களுக்குன்னு சிரிச்சிடுச்சு. நான் ஓட்டு விட்டத்தை எண்ணிக்கிட்டிருந்தேன். சார் அங்க கிடந்த முக்காலியில உக்காந்துட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு பாயைப் பார்த்து, "இந்த சாமானை எதுக்கு வாங்குனீங்க? நெஜத்தைச் சொல்லுங்க"ன்னாரு.

"இவளுக்காகத்தான் சார்" அப்படீன்னாரு பாய். "முன்னாடி தொட்டிக்குத் தொட்டி விறகு அடுப்பு. கல்யாணம் பண்ணி வந்த நாள்ல இருந்து இவ அந்தப் புகையில உக்காந்து நூல் இழுத்தா. மூச்சு போச்சு. புகையில்லாத அடுப்பு எதுனா இருக்கான்னு விசாரிச்சு, கடன உடன வாங்கி இதை வெச்சேன்."

"சம்சாரத்துக்கு வாங்கினதைத் தொழிலுக்குன்னு எழுதியிருக்கீங்களே?"

"இவதான் சார் தொழிலு. எங்க கொட்டகையில இவ அளவுக்கு அறுபடாம நூல் எடுக்க ஆள் கிடையாது. இவ மூச்சு விட்டாத்தான் அங்க நூல் ஓடும்."

சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தேய்மானம் மெஷினுக்குத்தான் பாய். மனுஷங்களுக்குச் சட்டத்துல இடமில்ல"ன்னாரு. குரல் எப்பவும் போலத்தான் இருந்துச்சு, ஆனா கொஞ்சம் தாமதமா வந்துச்சு.

"எனக்குத்தானே சார்... தேஞ்சுது?" அப்படீன்னாங்க அந்தம்மா. கோவமா எல்லாம் சொல்லல. நெசமாவே சந்தேகம் கேக்கிற மாதிரி கேட்டுட்டு, இருமினாங்க.

தொட்டில்ல குழந்தை அழுக ஆரம்பிச்சுது, குளிக்கிற நேரம் போல.

சார் பையில இருந்து பேப்பரை எடுத்தாரு. "பாய், ஏழுல ஒரு பங்குன்னு நீங்க போட்டது தப்பு. ரொம்பக் கம்மி. வூட்டு உபயோகம் நாலுல ஒரு பங்குன்னு நான் முடிவு பண்றேன். அந்தப் பங்குக்கு நாள் கிழமை எதுவும் கிடையாது. உங்களுக்கு அதிகமா வரி வரும். ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லலாம், எழுதிக்கிறேன்."

பாய் பதறிட்டாரு. "சார், வெள்ளிக்கிழமை மட்டும்தான் சார், வேற நாள் தொட்டதே இல்ல..."

"நீங்க சும்மா இருங்க!" அந்தம்மா முன்னாடி வந்துட்டாங்க. "சார், நாலுல ஒண்ணு பத்தாது. மூணுல ஒண்ணு போடுங்க."

"அம்மா, வரி இன்னும் கூடும்."

"கூடட்டும் சார். பிள்ளைக்கு ரெண்டு வேளை, பெத்தவளுக்கு... ரெண்டு வேளை, எனக்கும் சேர்த்துப் பாருங்க. நாலுல ஒண்ணு எப்படிப் பத்தும்?"

வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவங்களைப் பார்த்திருக்கேன். குறைக்கச் சொல்லி மாம்பழக் கூடை கொண்டாந்தவங்களைப் பார்த்திருக்கேன். ஏத்திப் போடுங்கன்னு வருமானவரி அதிகாரிகிட்ட ஒரு பொம்பளை பேரம் பேசி அன்னிக்குத்தான் பார்த்தேன். வெளிய சந்தையில கூட அப்படி ஒரு பேரம் நடந்திருக்காது. சார் அசரல, அந்தம்மாவும் அசரல. யாரு யாரு எத்தனை வேளை, எத்தனை சொம்புன்னு சார் உக்காந்து கேட்டுக் கேட்டுக் குறிச்சாரு. கடைசியில, "சரி, மூணுல ஒண்ணு"ன்னாரு.

"ஆட்சேபணை உண்டா பாய்?"

பாய் சம்சாரத்தைப் பார்த்தாரு. அவங்க கையை நீட்டினாங்க. பாய் இடுப்புல இருந்து சாவியை எடுத்து அந்தக் கையில வெச்சாரு. "ஆட்சேபணை இல்லைங்க சார்."

அந்தம்மா ஒரு தவலைத் தண்ணியை அடுப்புல ஊத்தினாங்க பாருங்க, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அடுப்பு அடங்கிடுச்சு. அப்புறம் பூட்டைத் தொறக்கிற சத்தம். கையெழுத்து வாங்கிட்டு நாங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள உள்ள குழாய்ல தண்ணி கொட்டுது.

ஆர்டர் போச்சு, வரி போட்டாச்சு. மூணு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம் பாயும் மெஹருன்னிசாவும் ஆபீஸுக்கே வந்துட்டாங்க. பாங்குல பணம் கட்டின ரசீதைக் காட்டணுமாம். காட்டவே வேண்டியதில்லைன்னு சொன்னாலும் பாய் கேப்பாரா? எங்க ஆபீஸ் மாடியில. செங்குத்தான படி, எனக்கே ஏறினா மூச்சு வாங்கும்.

அந்தம்மா என் மேஜைக்கு எதிர்ல உக்காந்து ஆரம்பிச்சாங்க. "பொண்ணை மாமியார் வூட்டுல கொண்டு போய் வுட்டுட்டு வந்தோம்மா, குழந்தை நல்லா இருக்கான், அப்பன் சாயல், மூக்கு மட்டும் எங்களுது, தண்ணி ஊத்துனா சிரிக்கிறான், போற அன்னிக்குக் கூட அந்தக் குழாயை வுட்டு வர மாட்டேன்னு ஒரே அழுகை, பஸ்ல எல்லாரும் எங்களையே பாக்கறாங்க..." அப்படியே போகுது பேச்சு, நிக்கிற வழியைக் காணோம்.

பாய் ரசீதைக் கையில பிடிச்சபடி என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. மெதுவா, "கேட்டீங்களாம்மா?"ன்னாரு.

அப்பத்தான் எனக்கே உறைச்சுது. படியேறி வந்ததுல இருந்து அந்தம்மா ஒரு தடவை கூட இருமல.

"கேட்டேன் பாய்"ன்னேன்.